ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே

கருக்களாச்சேரி என்று ஊர்ப் பேரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒருமுறை நம் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பார்கள். 'சேரி' என்ற சொல் செய்கிற வேலை அது. புதுச்சேரியிலும் சேரி இருக்கிறது. அது தலைநகரத்தின் பேர் என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. கடலோரத்துச் சின்ன ஊரின் பேரில் இருந்தால் மட்டும் உறுத்தும்.

இந்தத் தலையங்கத்தை அந்தக் கருக்களாச்சேரியில், கடலுக்குப் போகிற ஒரு தோழரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத வந்த விஷயம் காரைக்கால் ரயில்வே ஸ்டேஷன். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டுவிட்டு, வலையைச் சரிபார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "ஸ்டேஷன அழகு பண்றாங்க, சுத்தி கடை கண்ணி எல்லாம் வரும்ங்கறாங்க. நல்லதுதானேண்ணே? இதுக்குப் போய் நீங்க ஏன் பதறுறீங்க?"

நியாயமான கேள்வி. அவருக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ரயிலுக்கு எதிரி இல்லை. 1898-இல் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்திலேயே பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்துவிட்டது. 1987-இல் அதை நிறுத்தினார்கள். பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அப்போது நான் சின்னப் பையன். என் அம்மா அந்த ரயிலில்தான் அம்பகரத்தூர் பக்கம் நடவுக்குப் போய் வந்தாள். ரயில் நின்ற பிறகு விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து நடக்க ஆரம்பித்தாள். "ரயில்ல போறப்ப எவன் பக்கத்துல வேணாலும் உக்காரலாம்டா. டிக்கெட் இருந்தா எவனும் எந்திரின்னு சொல்ல முடியாது" என்பாள். டீக்கடையில் எங்களுக்குத் தனிக் கிளாஸ் இருந்த காலம் அது. அம்மாவுக்கு ரயில் என்பது வெறும் வண்டி இல்லை.

இருபத்துநான்கு வருஷம் காரைக்காலுக்கு ரயில் கிடையாது. 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து அகலப்பாதை வந்தது. சென்னையிலிருந்து வரும் கம்பன் எக்ஸ்பிரஸ் பேரளத்தைத் தாண்டி, திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு காரைக்கால் வந்தது. பெயர்த்தெடுத்த அதே பேரளம் பாதையை, ஏறத்தாழ 23 கிலோமீட்டரை, புதிதாகப் போட்டு 2025-இல் சோதனை ஓட்டமும் நடத்தினார்கள். முப்பத்தெட்டு வருஷம் கழித்து! ஜனங்கள் எத்தனையோ வருஷம் மனுக்கொடுத்தார்கள். கீழவாஞ்சூரில் துறைமுகம் வந்து, நிலக்கரி ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சில் உண்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது ஸ்டேஷன். 2022 கடைசியில் ரயில்வே 'அம்ரித் பாரத்' என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. நாடு முழுக்க ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களைத் திருத்திக் கட்டுவது. அந்தப் பட்டியலில் புதுச்சேரி மாநிலத்துக்கு மூன்று: புதுச்சேரி, மாஹே, காரைக்கால். நடைமேடை, கூரை, கழிப்பறை, மின்தூக்கி எல்லாம் நல்லது. காலில்லாதவரும் வயசானவரும் ஏறி இறங்க வசதி வேண்டும். ஆனால் திட்டம் அதோடு நிற்கவில்லை. ஸ்டேஷனை ஊரின் இரண்டு பக்கத்தோடும் இணைப்பது, காலப்போக்கில் ஸ்டேஷனையே நகர மையம் ஆக்குவது என்பதும் அதில் இருக்கிறது. ரயில்வேயின் காலி நிலத்தை வணிகத்துக்கு விடுவதற்கென்றே ரயில் நில மேம்பாட்டு ஆணையம் ஒன்று இருக்கிறது. அதற்கு வழிசெய்து ரயில்வே சட்டத்தைத் திருத்தியது 2005-இல்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. 'போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி' என்று அதற்குப் பேர். 2017-இல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் இதைத் தேசியக் கொள்கையாகவே வெளியிட்டது. சாரம் இதுதான்: ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர், அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நடக்கிற தூரம், அதற்குள் நெருக்கமாகக் கட்டு. உயரமாகக் கட்ட அனுமதி கொடு. வீடும் வேலையும் கடையும் கலந்திருக்கட்டும். ஜனங்கள் கார் வைத்துக்கொள்ளாமல் நடந்து வந்து ரயில் ஏறட்டும். அரசு போட்ட காசினால் அங்கே நிலத்தின் விலை ஏறுமல்லவா, அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை அரசு திரும்ப வாங்கிப் பொதுக்காரியத்துக்குப் போடட்டும். ஹாங்காங்கில் மெட்ரோ நிறுவனம் ஸ்டேஷனுக்கு மேலேயும் பக்கத்திலேயும் அடுக்குமாடிகளைக் கட்டவைத்து, அந்த வருமானத்தில்தான் பெரும்பகுதி பாதையைப் போட்டது.

படிக்கிறபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நெருக்கமாகக் குடியிருக்கணும், காரில்லாமல் நடக்கணும், வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை, தெருவிலேயே கடை. தோழர்களே, இதை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? நகரத்துச் சேரியில் பார்த்திருக்கிறோம். தண்டவாளத்தோரத்தில், கால்வாய்க் கரையில், ஸ்டேஷன் பின்வாசலில் குடிசை போட்டிருக்கும் நம் ஜனம் எந்த நிபுணரும் சொல்லாமலே இந்தக் கொள்கைப்படி வாழ்கிறது. விடியற்காலை முதல் ரயிலுக்கு நடந்துபோய் ஏறுகிறவர்கள் அவர்கள்தான். அப்படியானால் இந்தத் திட்டம் வரும்போது முதலில் பட்டா கிடைக்க வேண்டியவர்களும் அவர்கள்தானே? நடப்பது என்ன என்று சென்னையைப் பார்ப்போம்.

சென்னையில் பறக்கும் ரயிலைப் பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயின் மேலேயே கட்டினார்கள். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997-இல் திருமயிலை, 2007-இல் வேளச்சேரி. கால்வாய்க்குள் தூணை இறக்கினார்கள். தூண் நிற்கிற இடத்தில் தண்ணீருக்கு வழி குறைந்தது பற்றி யார் மேலும் வழக்கு இல்லை. கரையில் குடியிருந்தவன்தான் ஆக்கிரமிப்பாளன். என் சின்னம்மா அப்படி ஒரு ஸ்டேஷன் பின்னால் முப்பது வருஷம் இருந்தாள். ஸ்டேஷன் வருவதற்கு முன்னாலேயே வந்தவள். நடந்துபோகிற தூரத்தில் நாலு வீட்டில் வேலை. 2017-இல் ஒருநாள் லாரி வந்தது. பாத்திரம் பண்டத்தை ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். நகர மையத்திலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். நாலு வீட்டு வேலையில் மூன்று போனது. மிச்சமிருந்த ஒன்றுக்கு இரண்டு பஸ் மாறிப் போனாள். "வீடு குடுத்தாங்கடா, இல்லேன்னு சொல்லல. சோத்தத்தான் பிடுங்கிட்டாங்க" என்றாள்.

சின்னம்மா ஒருத்தி கதை இல்லை இது. 2000-இல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள் என்பது ஊரறிந்த உண்மை. கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி இருந்தது. நகரத்திலும் ஊருக்கு வெளியே எட்டு மாடியில் ஒரு சேரி கட்டியாயிற்று. முகவரி சொன்னால் வேலை தர யோசிக்கிறான், போலீஸ் சந்தேகப்படுகிறான்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில், கோவிந்தசாமி நகரை இடித்தார்கள். பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் உடம்பில் தீவைத்துக்கொண்டு இறந்தார். மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் எழுந்து, இந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று அறிவித்தார். அதாவது பக்கத்திலேயே வீடு தர முடியும்! நேற்றுவரை 'இடமே இல்லை' என்று சொன்ன நகரத்தில் ஒரே ராத்திரியில் இடம் கிடைத்துவிட்டது. அதற்கு ஒரு மனுஷன் வேக வேண்டியிருந்தது. இதை நாம் மறக்கவே கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஐந்தாவது தடம், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற பாதை, பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. ரயில் இல்லாத இடத்துக்கு நம்மைத் துரத்தினார்கள். இப்போது அங்கேயும் ரயில் வருகிறது. நிலத்தின் விலை ஏறும். அப்புறம் சின்னம்மாவின் பேத்தியை எங்கே அனுப்புவார்கள்?

"இது மெட்ராஸ் சமாச்சாரம், நம்ம ஊர் சின்ன ஊர்" என்று தோழர் சொல்லக்கூடும். பம்பாய்வரை ஒரு கயிறு போகிறது. தாராவி தெரியும். மாஹிம், சயான், மாட்டுங்கா என்று மூன்று பக்கமும் ரயில் ஸ்டேஷன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தலித் மக்கள் தோல் பதனிட்டும் கூலிவேலை பார்த்தும் சதுப்பு நிலத்தை ஊராக்கினார்கள். ஸ்டேஷன்கள் சூழ இருப்பதால்தான் அந்த மண்ணுக்கு இவ்வளவு கிராக்கி. 2022 நவம்பரில் தாராவி மறுகட்டுமான ஏலத்தை வென்றது அதானி குழுமம். அதே குழுமம்தான் 2023-இல் நம் காரைக்கால் துறைமுகத்தையும் வாங்கியது. தாராவியில் 2000-ஆம் வருஷத்துக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவனுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு. மேல்மாடியில் இருப்பவனுக்கும் பின்னால் வந்தவனுக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ தவணைக்கோ. கீழ்வீடு, மேல்வீடு என்று ஒரே குடும்பத்தையே பிரிக்கிற கணக்கு. ஆனால் அங்கே நமக்கு ஒரு பாடமும் உண்டு. அந்தத் திட்டத்துக்காக ரயில்வே தன் நிலத்தில் நாற்பது ஏக்கருக்கு மேல் கொடுத்திருக்கிறது. ரயில்வே நிலத்தை வீட்டுக்குக் கொடுக்க விதி இடம் கொடுக்காது என்று இனி எந்த அதிகாரியும் நம்மிடம் சொல்ல முடியாது. மனசிருந்தால் விதி வளையும்.

இந்த இடத்தில் பாபாசாகேப் எழுதிவைத்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1901. அவருக்கு ஒன்பது வயது. சதாராவிலிருந்து, கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலேறிப் போகிறார். புது உடுப்பு, ஜரிகைத் தொப்பி. மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடுப்பைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். 'மகர்' என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. வாசலில் எத்தனையோ மாட்டுவண்டிகள் நிற்கின்றன, ஒருத்தனும் ஏற்றமாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்வது, வண்டிக்காரன் கூட நடந்து வருவது என்று முடிவாகிறது. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ரயில் அவரை ஏற்றிக்கொண்டது. டிக்கெட்டில் சாதி இல்லை. ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் சாதி நின்றுகொண்டிருந்தது. இன்று நகரத் திட்டக்காரர்கள் 'கடைசி மைல்' என்று ஒன்றைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை உள்ள தூரம். அதற்கு ஆட்டோவா, மினிபஸ்ஸா, சைக்கிளா என்று கணக்குப் போடுகிறார்கள். நம்முடைய கடைசி மைலில் கிடப்பது வேறு. காரைக்காலில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் நான் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறேன். "சார் எந்தத் தெரு?" என்பார்கள். சொன்னால், "ஒரு வாரம் கழிச்சுச் சொல்றோம்." இரண்டாவது வீட்டில், "நாங்க சைவம் மட்டுந்தான் வைக்கிறது." நாளைக்கு அந்த எண்ணூறு மீட்டருக்குள் ஐந்து மாடிக் கட்டடங்கள் வரும். காசு இருந்தாலும் நமக்கு உள்ளே இடமுண்டா? இல்லை, கூட்டவும் கழுவவும் மட்டும் வரலாமா? எல்லா வருமானக்காரர்களுக்கும் இடம் என்று கொள்கையில் எழுதியிருக்கிறது. சாதி என்ற சொல் எழுதப்படாத கொள்கை சாதியைத் தொடாது.

ஸ்டேஷன் வாசலில் மீன் கூடையும் பூக்கூடையும் வைத்து உட்காரும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-இல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுக்காமல் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதன் முதல் பிரிவிலேயே, ரயில்வேக்குச் சொந்தமான நிலத்துக்கும் ரயிலுக்கும் இது பொருந்தாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். ரோட்டில் உட்கார்ந்தால் சட்டம் உண்டு, நாலடி தள்ளி ஸ்டேஷன் வளாகத்தில் உட்கார்ந்தால் கிடையாது. ஸ்டேஷன் விரிவடைந்து, இன்றைக்கு ரோடாக இருப்பது நாளைக்கு வளாகமானால், அந்த அக்காவின் உரிமை கூடையோடு சேர்ந்து தூக்கி எறியப்படும். வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் போதும்.

அதேபோல் துப்புரவு. தண்டவாளத்தில் மலத்தை அள்ளியது யார் என்று நாட்டுக்கே தெரியும். 2013-இல் சட்டம் கையால் மலமள்ளுவதைத் தடுத்தது. பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகளும் வந்துவிட்டன. வேலை செய்கிறவர்கள் மட்டும் அதே தெருவிலிருந்துதான் வருகிறார்கள். இப்போது ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. பளிங்குத் தரை போட்ட ஸ்டேஷனில், அதைத் துடைக்கிற பெண் உட்கார்ந்து சோறு தின்ன ஓர் இடம் வரைபடத்தில் இருக்கிறதா? இதைக் கேட்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் அந்தத் துடைப்பத்தைப் பிடித்துப் பார்க்கட்டும்.

ஆகவே நம் கேள்வி ரயில் வேண்டுமா, வேண்டாமா என்பதல்ல. அந்த எண்ணூறு மீட்டர் யாருடையது என்பதுதான். ரயில் பாதைக்குப் போட்ட காசு பொதுக்காசு. ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் நாமும் வரி கொடுக்கிறோம். அந்தக் காசினால் மண்ணின் விலை ஏறும்போது பலன் பட்டா வைத்திருப்பவனுக்கு. பட்டா நமக்கு ஏன் இல்லை என்று ஆயிரம் வருஷக் கதை உண்டு. பட்டா இல்லாததையே காரணம் காட்டி நம்மை வெளியேற்றுகிறவர்கள் அந்தக் கதையை மறந்தவர்கள் அல்ல, நன்றாகத் தெரிந்தவர்கள்.

காரைக்கால் நகரத் திட்டக்காரர்களிடமும் ரயில்வேயிடமும் நாம் கேட்பது இது. கோடு போடுவதற்கு முன்னால் ஆளை எண்ணுங்கள். ஸ்டேஷனைச் சுற்றி எண்ணூறு மீட்டருக்குள் யார் குடியிருக்கிறார்கள், யார் கூடை வைக்கிறார்கள், யார் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் ஓட்டுகிறார்கள் என்ற பட்டியலைத் தமிழில் எழுதி ஸ்டேஷன் சுவரிலேயே ஒட்டுங்கள். விட்டுப்போனவர்கள் சொல்லிச் சேர்க்கட்டும். வீட்டை எடுத்துத்தான் தீரவேண்டும் என்றால், மாற்று வீடு அதே எண்ணூறு மீட்டருக்குள், பெண்ணின் பேரில், இடிப்பதற்கு முன்னால். ரயில்வே நிலத்தில் கடை கட்டி ஏலம் விடும்போது, கூடை வியாபாரிக்கு ஏலமில்லாத இடம். 2014 சட்டம் தொடாது என்றால், தொடும்படி ஓர் உத்தரவு போடுங்கள். புதிய கட்டடங்களில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு, வீட்டிலும் கடையிலும். நிலத்தின் விலையேற்றத்தில் அரசு வாங்கும் பங்கிலிருந்து நம் தெருக்களுக்குச் சாக்கடையும் தண்ணீரும். துப்புரவுத் தொழிலாளிக்கு நேரடி வேலை, ஓய்வறை.

இதில் ஒன்றுகூட அதிசயமான கோரிக்கை இல்லை. அவர்களுடைய கொள்கையிலேயே 'ஜனங்கள் நடந்து வரட்டும்' என்றுதான் எழுதியிருக்கிறது. நடந்து வருகிறவர்களை அங்கேயே இருக்கவிடுங்கள் என்கிறோம். அவ்வளவுதான்.

இடித்த பிறகு கூடி அழுவதும், தீர்மானம் போடுவதும், உண்மை அறியும் குழு அனுப்புவதும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த முறை வரைபடம் மேசைமேல் இருக்கும்போதே போய் நிற்க வேண்டும். மீனவக் குப்பத்தாரும் காலனிக்காரரும் சேர்ந்து நிற்க வேண்டும். கரை கடலோரத் திட்டத்துக்குப் போகும், காலனி ஸ்டேஷன் திட்டத்துக்குப் போகும். எடுக்கிற கை ஒன்றுதான். இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற கசப்பு எனக்குத் தெரியும். அதைப் பேசித் தீர்க்காமல் 'ஒற்றுமை' என்று கோஷம் போடுவதும் ஏமாற்றுதான். பேச வேண்டும். இந்தத் திண்ணையில் நான் உட்கார்ந்திருப்பது அதற்கு ஓர் ஆரம்பம்.

எழுதி முடித்ததைத் தோழருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அந்தப் பட்டியல்ல எங்க வீட்டுப் பொம்பளைங்க பேரும் இருக்குமாண்ணே? அவளுங்களும் காலைல அங்கதான் கூடை வைக்கிறாளுங்க."

இருக்க வேண்டும், தம்பி. இருக்கவைப்போம். அதற்கு நாளைக்குக் காலையில் நாம் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போகிறோம். அவர்கள் எண்ணுகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை.

— ஆசிரியர்